கோத்தகிரிச் சரிவில் 1,350 சதுர அடி: ஒரு வீட்டின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

2021 டிசம்பரில், வீட்டுக்கு வரைபடம் போட்டுக் கட்டித் தரச் சொல்லி ஒரு தம்பதி என்னைப் பார்க்க வந்தார்கள். கோத்தகிரிக்குச் சற்றுத் தள்ளி, சிறிய தேயிலைத் தோட்டம் ஒன்றைப் பிரித்து விற்றபோது அதில் 18 சென்ட் வாங்கியிருந்தார்கள். கணவர் பள்ளி ஆசிரியர். மனைவி கோவை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறார். பத்து வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள். கணவரின் அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலிலும் வலி.

அப்போது அவர்கள் குடியிருந்தது வடக்குப் பார்த்த வாடகை வீடு. தகரக் கூரை, பின்சுவர் முழுக்கப் பூஞ்சை. ஐப்பசி தொடங்கினால் துணி நாலு நாள் ஆனாலும் காயாது. இரண்டு கீசர், ஒரு ரூம் ஹீட்டர். மார்கழி, தை மாத மின்கணக்கில் 400 யூனிட்டைத் தாண்டிவிடும் என்றார்கள். மலையில் மின்விசிறியும் ஏசியும் கிடையாதே, அப்புறம் எப்படி இவ்வளவு என்று சமவெளிக்காரர்கள் கேட்பதுண்டு. எல்லாம் வெந்நீரும் குளிரும்தான்.

சின்ன வீடு போதும், மின்கட்டணம் குறைய வேண்டும், சுவரில் பூஞ்சை வரக் கூடாது. கேட்டது இவ்வளவே. கூடவே கைப்பேசியில் ஒரு படம் காட்டினார்கள்: எங்கோ ஒரு பனிமலைச் சரிவில் வெள்ளைப் பெட்டி மாதிரி ஒரு வீடு, தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, உள்ளே ஒரு சோபா, ஒரு விளக்கு. அடுத்த முறை நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அதே படத்தைப் பாட்டியிடமும் காட்டினார்கள். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, “ஏனுங்க தம்பி, இவங்க துணியெல்லாம் எங்க காயப் போடறாங்க?” என்றார். அந்தத் திட்டத்தில் எனக்குக் கிடைத்த மிக உருப்படியான குறிப்பு அதுதான்.

என்னிடம் வருவதற்கு முன்பே அவர்கள் வேறொருவரிடம் ஒரு வரைபடம் வாங்கியிருந்தார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மனையில் கண்டது

மனை சாலையிலிருந்து கீழ்நோக்கி 100 அடி நீளம், குறுக்கே ஏறத்தாழ 78 அடி. மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் 24 அடி இறக்கம், அதாவது நாலடி நடந்தால் ஓரடி இறங்குகிறோம். டியூப் லெவலை (மட்டம் பார்க்கும் நீர்க்குழாய்) வைத்துக்கொண்டு நானும் உதவியாளரும் பத்தடிக்கு ஒரு முளை அடித்து, சமமட்டக் கோடுகளை, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகளை, கயிறு கட்டிப் பார்த்தோம். நிலம் நேர் கிழக்கும் பார்க்கவில்லை, தென்கிழக்கும் பார்க்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் சாய்ந்திருந்தது.

இது பெரிய அதிர்ஷ்டம் என்று வரைபடத்தில் சூரியனின் பாதையைப் போட்ட பிறகுதான் தெரிந்தது. கோத்தகிரி இருக்கும் அட்சரேகையில், ஏறத்தாழ 11.4 பாகை வடக்கில், டிசம்பர் கடைசியில் சூரியன் நேர் கிழக்கிலிருந்து சுமார் 24 பாகை தெற்கே தள்ளி உதிக்கும். நிலம் சாய்ந்திருந்த திசையும் கிட்டத்தட்ட அதுதான். குளிர் கூடிய நாட்களில் முதல் வெயில் இந்தச் சரிவின் நெஞ்சில் நேராக விழும்.

அதைக் கண்ணால் பார்க்க 2022 ஜனவரியில் ஒருநாள் காலை ஆறு மணிக்கே போய் நின்றேன். எதிர்க் குன்றைத் தாண்டி வெயில் வர ஏழேகால் ஆனது. அதன் பிறகு பகல் ஒரு மணிவரை நல்ல வெயில். ஏப்ரலில் ஒருநாள் பிற்பகலில் போனபோது மூன்று மணிக்கே மூடுபனி ஏறி, சாலையில் வண்டிகள் விளக்குப் போட்டுக்கொண்டு வந்தன. அக்கம்பக்கத்தாரிடம் கேட்டால், “மத்தியானத்துக்கு மேல வெயிலை நம்பாதீங்க” என்றார்கள். ஐரோப்பிய வீட்டுப் புத்தகங்கள் தெற்கே பெரிய கண்ணாடி வைக்கச் சொல்லும். அங்கே குளிர்காலச் சூரியன் நாள் முழுக்கத் தெற்கில் தாழ்வாகவே போகிறது. இங்கே டிசம்பர் நண்பகலில்கூட அது 55 பாகை உயரத்தில் நிற்கும். தெற்குச் சன்னலில் அப்போது விழும் வெயில் உள்ளே வெகுதூரம் போகாது. இந்த ஊரில் வீட்டைச் சூடாக்குவது காலை வெயில்.

அடுத்தது தண்ணீர். தொட்டபெட்டா மலைத்தொடருக்குக் கிழக்கே இருப்பதால் கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். நான் முதன்முதலில் போன டிசம்பர் நாளில் மழை பெய்துகொண்டிருந்தது. குடையோடு மனையைச் சுற்றி வந்ததில் ஒன்று தெரிந்தது. சாலையின் அடியில் ஒரு சிறு பாலக்குழாய். அதிலிருந்து வரும் நீர் மனையின் வடமேற்கு மூலையில் நுழைந்து, குறுக்காக ஓடி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே காணாமல் போனது. வெயில் நாளில் போயிருந்தால் அந்தத் தடம் கண்ணில் பட்டிருக்காது.

தோட்டத்தில் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்கள் இருந்தன. மேல்பாதி மரங்கள் நேராக நின்றன. கீழ் மூன்றில் ஒரு பங்கில் இருந்த நான்கைந்து மரங்கள் மட்டும் அடியில் வெளிப்பக்கம் வளைந்து, பிறகு நிமிர்ந்து வளர்ந்திருந்தன. மண் ஆண்டுக்காண்டு மிக மெதுவாகக் கீழே நகரும் இடத்தில் மரம் இப்படித்தான் வளரும். வீட்டை அந்தப் பகுதிக்குக் கொண்டுபோகக் கூடாது என்று அன்றைக்கே குறித்துக்கொண்டேன்.

மலையில் மண்ணைப் பற்றிய பயம் வீண் பயமில்லை. 2009 நவம்பரில் இதே நீலகிரி மாவட்டத்துக் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மழையின் நிலச்சரிவுகளில் மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இங்குள்ள மண் சார்னோகைட் பாறை மக்கி உண்டான செம்மண். காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும், அதனால்தான் ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள். நீர் ஊறினால் அதே மண் தன் எடையைத் தானே தாங்காது.

கைவிட்ட வரைபடம்

முன்பு வாங்கிய வரைபடம் சமவெளி மனைக்குப் போட்டது போலவே இருந்தது. வடக்குப் பார்த்த வாசல், முன்னால் கார் நிறுத்த முற்றம், எல்லாம் ஒரே மட்டம். இதற்கு 45 அடி நீளமும் 42 அடி ஆழமும் உள்ள மேடை வேண்டும். இந்தச் சரிவில் 42 அடி ஆழத்துக்குச் சமப்படுத்தினால் பின்பக்கம் பத்தடி உயரத்துக்கு மலையை வெட்ட வேண்டியிருக்கும். வெளியேறும் மண் சுமார் 9,400 கன அடி. அதை எங்கே கொட்டுவது என்று வரைபடத்தில் இல்லை. பெரும்பாலும் கீழ்ச்சரிவில்தான் தள்ளுவார்கள். அதாவது வளைந்த மரங்களின் தலையில்.

பத்தடித் தடுப்புச் சுவரைப் பற்றி அந்தத் தம்பதிக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். மண் சுவரைத் தள்ளும் விசை உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். பத்தடிச் சுவரின் மேல் விழும் தள்ளலில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் நாலடிச் சுவரின் மேல் விழும். சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கிவிட்டால் எந்த உயரமானாலும் தள்ளல் இரண்டு மடங்குக்கும் மேலே போய்விடும். ஆகவே உயரத்தைக் குறைக்க வேண்டும், தண்ணீரைத் தேங்க விடக் கூடாது. ஆசிரியர் என்பதால் வர்க்கக் கணக்கு அவருக்கு உடனே பிடிபட்டது. வரைபடத்துக்குக் கொடுத்த பணம் போனது மட்டும்தான் வருத்தம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வீட்டை இரண்டு படியாக உடைத்தோம். தலா 15 அடி ஆழமும் 45 அடி நீளமும் கொண்ட இரண்டு மேடைகள் சமமட்டக் கோட்டை ஒட்டி, மேலே ஒன்று, நாலடி கீழே ஒன்று. நடுவில் ஏழு படி. மொத்தம் 1,350 சதுர அடி. வெட்டிய மண் சுமார் 2,400 கன அடி, பழைய திட்டத்தில் நாலில் ஒரு பங்கு. தேயிலைத் தோட்டங்களிலும், அதற்கு முன் இந்த மலையில் கிழங்கும் தானியமும் விளைந்த வயல்களிலும் பார்த்த படிக்கட்டு முறைதான் இது. நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

வீட்டின் பின்சுவரையே தடுப்புச் சுவராக்கினால் ஒரு சுவர்ச் செலவு மிச்சம் என்று பலர் செய்வார்கள். அந்தச் சுவர் ஆயுசு முழுக்க ஈரம் குடிக்கும். நாங்கள் வெட்டிய மண்ணுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே மூன்றடி இடைவெளி விட்டு, அதில் கல் பாவிய வடிகால் வைத்தோம். காற்றும் ஆளும் போகலாம். சாலைக் குழாய் நீரை மனையின் மேல் எல்லையிலேயே பிடித்து, வடக்கு ஓரமாகத் திருப்பி, வீட்டைத் தொடாமல் கீழே இறக்கினோம். முதலில் செய்த வேலை இந்தக் கால்வாய். கடைக்கால் அதற்குப் பிறகுதான்.

மழைநீர் விஷயத்தில் ஒரு தர்மசங்கடம் இருந்தது. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். எல்லோருக்கும் பழகிய வழி உறிஞ்சுகுழி தோண்டி நீரை மண்ணுக்குள் விடுவது. சமதளத்தில் அது புண்ணியம். சரிவில், தடுப்புச் சுவருக்கு மேலே அதைச் செய்தால் மலைக்கு நாமே தண்ணீர் ஊட்டிச் சரியச் சொல்வது போல. ஆகவே கூரை நீர் முழுவதும் 10,000 லிட்டர் தொட்டிக்குப் போகிறது. கூரை ஏறத்தாழ 130 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 1,300 லிட்டர் கிடைக்கும். நிறைந்து வழிவது மூடிய குழாயில் ஓடைக்குப் போகும். கழிவுநீர்க் குழியையும் வீட்டைத் தாண்டிக் கீழ்ப்பக்கச் சரிவில், சுவர்களிலிருந்து தள்ளி வைத்தோம்.

அறைகளின் இடத்தைச் சூரியன் முடிவு செய்தது. காலையில் ஆள் இருக்கும் இடங்களான சமையலறை, கூடம், பாட்டியின் அறை மூன்றும் மேல்மேடையில் கிழக்கு முகமாக. கீழ்மேடையில் இரண்டு படுக்கையறைகள், மனைவியின் வேலை மேசை. குளியலறைகள், படிக்கட்டு, சாமான் அறை எல்லாம் மேற்கே மலையை ஒட்டிய குளிர்ந்த பக்கம். மேல்மேடைக் கூடம் கீழ்மேடைக் கூரைக்கு மேலாக எட்டிப் பார்ப்பதால் அதற்கும் முழு வெயில் கிடைக்கிறது. சமதளத்தில் பின்வரிசை அறைக்கு இந்த வசதி வராது.

வாஸ்துவில் பாட்டி பிடிவாதமாக இருந்தார். சமையல் அக்கினி மூலையில்தான், வாசல் மேற்கே கூடாது. சமையலறை தென்கிழக்கில் வந்தால் விடியற்காலை வெயில் அடுப்படியில் விழும், எனக்கும் அதுதானே வேண்டும். சாலை மேற்கே இருந்தாலும் கதவை மட்டும் வடக்குப் பக்கமாகத் திருப்பினோம். மேற்குக் காற்று நேராக உள்ளே வராமல் போனது உபரி லாபம்.

சுவருக்கு எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைக் குத்தவைத்து நடுவில் பொந்து விட்டுக் கட்டும் முறை. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பியது. சாதாரண ஒன்பது அங்குலச் சுவரைவிட ஏறத்தாழ கால் பங்கு செங்கல் குறையும், உள்ளே அடைபட்ட காற்று குளிரையும் கொஞ்சம் தடுக்கும். மலையில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. செங்கல் மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர் மலையேறி வர வேண்டும். நாலு லோடில் ஒரு லோடு குறைந்தால் அந்த டீசலும் வீட்டுக் கணக்கில் மிச்சம்தான். தடுப்புச் சுவர்களுக்குக் கல் வெளியிலிருந்து வரவில்லை, தோண்டும்போது கிடைத்த உருண்டைப் பாறைகளை உடைத்தே கட்டினோம். கூரைக்கு மங்களூர் ஓடு, அதன் கீழ் மரப்பலகை, இரண்டுக்கும் நடுவே இரண்டு அங்குலக் கனத்துக்குப் பாறைக் கம்பளி (பாறையை உருக்கி நூலாக்கிய வெப்பத் தடுப்பு, கல்நார் அல்ல). வெப்பம் அதிகம் வெளியேறுவது கூரை வழியாக. பணம் குறைவாக இருந்தால் சுவரில் குறைக்கலாம், கூரையில் குறைக்கக் கூடாது என்பது என் கருத்து.

எளிமை என்ற சொல்லுக்குத்தான் அதிக நாள் பேச வேண்டியிருந்தது. தம்பதி நினைத்த எளிமை வெள்ளைச் சுவர். பாட்டியிடம் இருந்தவை பித்தளைக் குடம் நான்கு, அம்மிக்கல், கம்பளிப் போர்வைகள், கணவர் வீட்டு மரப்பெட்டி. ஒரு ஞாயிறு முழுக்க வீட்டிலுள்ள பொருட்களைப் பட்டியல் எழுதச் சொன்னேன். எதைத் தினமும் தொடுகிறார்கள், எதை ஆண்டுக்கொரு முறை எடுக்கிறார்கள் என்று. அதற்குப் பிறகு தனிச் சாப்பாட்டு அறை, விருந்தினர் அறை, முகப்பு அலங்காரம், பால்கனி, பொய்க்கூரை எல்லாம் போயின. வந்தவை இரண்டு: சாமான் அறைக்கு மேலே பரண், கூடத்துச் சன்னலை ஒட்டி எட்டடி நீளத் திண்ணை. திண்ணைக்கு அடியில் முழுக்க இழுப்பறை, மரப்பெட்டியும் அதற்குள் அடங்கியது. பூசைக்குச் சுவரில் ஒரு மாடம்.

பாட்டி கேட்ட கேள்விக்குப் பதிலாகத் துணி காயவைக்கும் அறை ஒன்று. ஆறுக்கு எட்டு அடி, ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் கூரை, இரண்டு பக்கமும் மேலும் கீழும் காற்றுத் துளைகள். வெயில் அடித்தால் அது சூடேறும். இல்லாவிட்டாலும் காற்றோட்டத்தில் துணி காயும்.

வெந்நீருக்கு 200 லிட்டர் சூரிய வெந்நீர்க் கலன், வெற்றிடக் குழாய் வகை. நூறு லிட்டர் நீரை 15 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ மூன்றரை யூனிட் மின்சாரம் வேண்டும். ஐந்து பேர் வீட்டில் இதுதான் மாதக் கணக்கின் பெரும்பகுதி. விளக்கை எல்இடியாக மாற்றுவது, இதோடு ஒப்பிட்டால் சில்லறை.

அனுமதி வேலைகள் 2022 மே முதல் எட்டு மாதம் பிடித்தன. நீலகிரியில் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு. சரிவோடு இறங்கும் வீட்டுக்கு அது தடையாகவே இல்லை. பொக்லைன் பயன்படுத்தத் தனி அனுமதி வேண்டும். வெட்டு சிறியது என்பதால் ஆட்களை வைத்தே செய்தோம்.

கட்டும்போது நடந்தவை

2023 ஜனவரி இறுதியில் மண்வேலை. இலக்கு ஒன்றுதான்: ஐப்பசி மழைக்கு முன் கூரை ஏற வேண்டும்.

முதல் அடி கடைக்காலில் விழுந்தது. சோதனைக் குழிகள் இரண்டு போட்டிருந்தேன், இரண்டும் மேல்மேடைப் பகுதியில். கீழ்மேடையின் தென்மூலையில் தோண்டியபோது மூன்றடி தாண்டியும் மண் பொலபொலவென்று வந்தது. பழைய தேயிலைப் படிக்காக யாரோ எப்போதோ கொட்டி நிரப்பிய மண். மூன்று தூண்களின் குழிகளை இறுகிய மண் வரும்வரை இன்னும் நாலடி இறக்கினோம். இரண்டு வாரமும், கையிருப்பில் ஒரு பகுதியும் போயின. இது என் தவறு. இரண்டு குழி தோண்டும் கூலியை மிச்சம் பிடித்ததன் விலை.

எலிப்பொறிக் கட்டுக்கு மேஸ்திரி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “பொந்து விட்டுக் கட்டுனா ஆணி அடிச்சா நிக்குமாங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அலமாரி, கலன், திரைச்சீலைக் கம்பி வரும் இடங்களைச் சுவரிலேயே சுண்ணாம்பால் குறித்து, அங்கெல்லாம் பொந்தில்லாமல் கட்டச் சொன்னோம். மூன்றாம் நாளிலிருந்து அவர் எனக்கே சொல்லித் தர ஆரம்பித்துவிட்டார்.

செப்டம்பரில் ஓடு வேய்ந்தாயிற்று. நவம்பர் மழையில் மலைப்பாதையிலேயே மண் சரிந்து போக்குவரத்து நின்றது. மூன்று நாள் கழித்து நான் போய்ப் பார்த்தபோது வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, மேல் கால்வாய் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் கீழ்மேடைக்கு முன்னால் இருந்த தடுப்புச் சுவரில் பத்தடி நீளத்துக்கு வயிறு தள்ளியிருந்தது.

பிரித்துப் பார்த்தோம். நீர் வடியும் துளைகளுக்கு வைத்த குழாய்கள் வெளியே தெரிந்தன, ஆனால் ஆறில் நாலு குழாயின் உள்முனை சிமென்ட் கலவையால் அடைபட்டிருந்தது. பின்னால் நிரப்ப வேண்டிய சல்லிக்குப் பதில் அந்தப் பத்தடியில் மட்டும் தோண்டிய மண்ணையே தள்ளியிருந்தார்கள். அது ஒரு சனிக்கிழமை மாலை அவசரமாக முடித்த வேலை என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு நான் தளத்தில் இல்லை. ஒப்பந்தக்காரர் கூலியையும் நான் மேற்பார்வைக் கட்டணத்தில் ஒரு பகுதியையும் விட்டுக்கொடுத்து, சுவரைச் சல்லியும் வடிகட்டும் துணியும் வைத்துத் திரும்பக் கட்டினோம். நாலடிச் சுவர் என்பதால் வயிறு தள்ளியதோடு நின்றது. பத்தடிச் சுவராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த ஆசிரியர் என்னிடம் கேட்கவில்லை. வர்க்கக் கணக்கை அவரே போட்டிருப்பார்.

குடிபோன பிறகு

2024 தை மாதம் பால் காய்ச்சினார்கள். அந்த ஆண்டு நடுவில் மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட் சூரிய மின்தகடு வைத்தார்கள், 60,000 ரூபாய் மானியம். மூன்று கிலோவாட் வைக்கலாமே என்று விற்பவர் வற்புறுத்தினார். பிற்பகல் மூடுபனியையும் வீட்டின் தேவையையும் பார்த்து வேண்டாம் என்றேன். தகடுகள் கிழக்குச் சாய்வில் இருப்பதால் தெளிந்த காலை நேரத்தை முழுக்கப் பிடித்துக்கொள்கின்றன.

2025 ஜனவரியில் ஒரு வாரம் மூன்று வெப்பமானிகளை வைத்துப் பெரிய பிள்ளையிடம் நோட்டில் எழுதச் சொன்னோம். விடியற்காலை ஆறு மணிக்கு வெளியே 9 டிகிரி இருந்தபோது பாட்டியின் அறையில் 17, கூடத்தில் 14. பகல் பன்னிரண்டுக்குக் கூடத்தில் 22. ரூம் ஹீட்டரை அந்தக் குளிர்காலத்தில் மொத்தம் பத்துப் பன்னிரண்டு இரவுகள்தான் போட்டார்கள். தகடு வைப்பதற்கு முந்தைய இரண்டு மாதக் கணக்கில் 210 யூனிட் வந்தது. கார்த்திகையில் தொடர்மழை பெய்த பத்து நாள் மட்டும் வெந்நீருக்குக் கீசரையே நம்ப வேண்டியிருந்தது. இது எதிர்பார்த்ததுதான். பூஞ்சை எங்கும் வரவில்லை, ஓரிடம் தவிர.

அந்த ஓரிடம் துணி அறை. இரவில் பாலிகார்பனேட் கூரை சில்லென்று ஆகும், துணியின் ஈரம் அதன் அடியில் முத்து முத்தாகக் கோத்து, காய்ந்த துணி மேலேயே சொட்டும். கூரையின் சாய்வு போதவில்லை. சாய்வு கூடுதலாக இருந்தால் துளிகள் ஓரமாக வழிந்திருக்கும். பாட்டிதான் முதலில் கண்டுபிடித்தார். இரவு துணியை விடாமல் சாயங்காலமே எடுத்துவிடுவது இப்போதைய ஏற்பாடு.

கூடம் விடியும்போது 14 டிகிரிக்கு இறங்கியதன் காரணம் அந்த எட்டுக்கு ஐந்தடிச் சன்னல். பகலில் வெயிலை உள்ளே கொண்டுவரும் அதே கண்ணாடி, இரவில் ஓட்டை. ஒற்றைக் கண்ணாடி, 3.7 சதுர மீட்டர், உள்ளும் புறமும் பத்து டிகிரி வித்தியாசம் என்றால் ஏறத்தாழ 200 வாட் வெப்பம் விடாமல் வெளியேறும். பன்னிரண்டு மணி நேரத்தில் இரண்டரை யூனிட். இரட்டைக் கண்ணாடி போட்டால் இதில் பாதி மிச்சம். பணத்துக்கு நெருக்கடி வந்தபோது, கடைக்கால் செலவை ஈடுகட்ட நான்தான் அதை வெட்டினேன். தரைச் செலவைக் குறைத்திருக்கலாம், கண்ணாடியில் கை வைத்திருக்கக் கூடாது.

சிவப்பு ஆக்சைடு தரை வெயிலைக் குடித்து வைத்துக்கொள்கிறது, அழகாகவும் இருக்கிறது. ஆனால் காலையில் வெறுங்காலுடன் நிற்க முடியவில்லை என்று புகார். பாட்டியின் அறையில் மட்டும் பலகைத் தரை போட்டிருந்தோம், அது சரியாக அமைந்தது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

சோதனைக் குழிகள் வீட்டின் நான்கு மூலையிலும், கூடவே ஒவ்வொரு தடுப்புச் சுவரின் அடியிலும் போடுவேன். பழைய தோட்ட நிலம் என்றால் நிரப்பு மண் இருந்தே தீரும் என்று எடுத்துக்கொண்டு தொடங்குவேன். தடுப்புச் சுவரின் பின்பக்கத்தை மூடும் நாளில் நானோ உதவியாளரோ தளத்தில் இருப்போம், அல்லது அன்றைக்கு மூடக் கூடாது. ஒவ்வொரு துளையிலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வெளியே வருகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது.

பாட்டியின் விஷயத்தில் பாதிதான் யோசித்தோம். அவருக்கு வேண்டியதெல்லாம் மேல்மேடையில், ஒரே மட்டத்தில் இருக்கிறது, ஏழு படி இறங்க வேண்டியதில்லை என்று பெருமைப்பட்டோம். சாலையிலிருந்து வாசலுக்கு எட்டுப் படி இறங்க வேண்டும் என்பதும், பேரப்பிள்ளைகள் படுப்பது கீழே என்பதும் விட்டுப்போயின. சாலையிலிருந்து சமமட்டக் கோட்டை ஒட்டி வளைந்து வரும் சரிவுப் பாதைக்கு வடக்கு ஓரத்தில் இடம் இருந்தது. அங்கே இப்போது கால்வாய் ஓடுகிறது. இரண்டையும் சேர்த்து முதல் நாளே வரைந்திருக்க வேண்டும். குடிவந்த பிறகு கைப்பிடி வைத்துக் கொடுத்தோம்.

எட்டடிச் சன்னலுக்கு 2025 ஜூனில் இரட்டைக் கண்ணாடி மாற்றினார்கள். செலவு முதலிலேயே போட்டிருந்தால் ஆகியிருப்பதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. துணி அறைக் கூரையை அடுத்த கோடையில் கழற்றிச் சாய்வு கூட்டப் போகிறோம். கால்வாயையும் வடிகால் துளைகளையும் ஆண்டுதோறும் புரட்டாசிக்குள் சுத்தம் செய்வதை ஆசிரியர் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறார். போன முறை போனபோது திண்ணையில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. பாட்டி கால் நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “சன்னலு மாத்துன பொறகு குளிரு தேவலைங்க தம்பி. அந்தச் சொட்டுத்தான் எப்பச் சரி பண்றீங்க?” என்றார்.